அந்தச் 'சீமைச் சுகபோகம்'

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். ஒரேயொரு வசனத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் மட்டக்களப்பில் எந்தப் பள்ளிக்கூடத்து மலரைப் புரட்டினாலும், மிசனரிமாரைப் பற்றி யார் கட்டுரை எழுதினாலும், பரிசளிப்பு விழாவில் யார் ஒலிவாங்கியைப் பிடித்தாலும், அந்த வசனம் தப்பாமல் வந்துவிடும்: இங்கிலாந்திலே அனுபவித்த சுகபோகங்களையெல்லாம் துறந்து இந்தக் காட்டுப் பிரதேசத்துக்கு வந்த பாதிரிமார். உங்கள் பத்திரிகையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாசித்திருக்கிறேன். போன கிழமை என் பேத்தி பள்ளிக்கூட ஒப்படைக்காக, 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் அடிகளாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள், அவளும் அதே வசனத்தில்தான் தொடங்கியிருந்தாள். எங்கே எடுத்தாய் பிள்ளை என்று கேட்டேன். "எல்லாத்திலயும் இருக்கு அம்மப்பா" என்றாள். அதுதான் பிரச்சினை. எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் ஓல்ட் அடிகளாருக்குப் பொருந்தவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேதக்காரன் அல்ல, சைவம். மிசனரிமாரைக் குறைத்துப் பேசும் ஆசையும் எனக்கு இல்லை. அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடங்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற படுவான்கரைப் பொடியன் ஒருவன் ஆசிரியராகி, பென்சன் எடுத்துக்கொண்டு, கல்லடியில் கடற்காற்று வாங்கியபடி பத்திரிகைக்குக் கடிதம் எழுத முடியாது. ஆனால் சுகபோகம் என்று எழுதுகிற யாரும், அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் உண்மையில் எப்படி வாழ்ந்தார், யாருக்குச் சுகம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா என்பது சந்தேகம். லண்டனில் இருக்கிற மகன் இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான், ஜேம்ஸ் வுட்ஃபோர்ட் என்ற நாட்டுப்புறப் பாதிரியாரின் நாட்குறிப்பு. அதை வாசித்த பிறகுதான் எனக்கு இந்த வசனம் தொண்டையில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது.

சுகபோகம் என்றால் அது வுட்ஃபோர்ட்தான். 1740இல் சோமர்செட் என்ற மாவட்டத்தில் பிறந்தவர், ஒக்ஸ்ஃபோர்டில் நியூ கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரிக்கு நோர்ஃபோக்கில், நோரிச் நகரத்துக்குப் பக்கத்தில், வெஸ்டன் லொங்வில் என்ற ஊர்த் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கிற உரிமை இருந்தது. நம்மூர்க் கோயில்களில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் உரிமை ஒரு குடிக்குள் வழிவழியாக வருவதுபோல அங்கே அந்த உரிமை ஒரு நிலப்பிரபுவிடமோ, ஒரு கல்லூரியிடமோ, ஒரு ஆயரிடமோ இருக்கும், அதை விற்கவும் வாங்கவும்கூட முடியும். 1774இல் கல்லூரி உறுப்பினர்கள் கூடி வாக்கெடுத்து வுட்ஃபோர்டைத் தெரிவு செய்தார்கள். ஊர்ச்சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1776இல் அங்கே குடிபோனார், 1803 புதுவருட தினத்தில் சாகும்வரை அந்தப் பதவி அவருடையதுதான். ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும். அவர் நல்லாய்ப் பிரசங்கம் செய்தாரா, ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசையோடு முடித்துக்கொண்டாரா என்பதெல்லாம் பதவியை அசைக்காது.

வருமானம் எங்கிருந்து? இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு. ஊரில் விளைகிற கோதுமை, வாற்கோதுமை, போடுகிற குட்டி, கறக்கிற பால், எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று தேவாலயத்துக்குரியது என்பது அந்த நாட்டுச் சட்டம். முழுப் பங்கையும் எடுக்கிறவர் ரெக்டர். தானியப் பங்கு வேறொருவருக்குப் போய்விட, மிச்சம் சில்லறையை எடுக்கிறவர் விகார். இந்த இரண்டுமில்லாமல், இவர்களில் ஒருவர் கொடுக்கிற கூலிக்கு வேலை செய்கிறவர் கியூரேட். வுட்ஃபோர்ட் ரெக்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 400 ஸ்ரேலிங் பவுண். இன்றைய கணக்கில் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அந்த மாற்றுக் கணக்கெல்லாம் ஏமாற்று. அவருடைய வீட்டில் தலைமை வேலைக்காரிக்கு வருடம் முழுவதற்கும் சம்பளம் ஐந்து பவுண் சொச்சம் என்பதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்கைத் தானியமாகவே கேட்டால் களத்தில் சண்டை வரும். எங்கள் களவெட்டியில் நெல்லை அளக்கும்போது வருகிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வுட்ஃபோர்ட் சமாதானப் பிரியர், காசாகவே வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருநாள் ஊர்க் கமக்காரர் எல்லோரும் அவருடைய வீட்டுக்கு வந்து காசைக் கட்டுவார்கள், அன்றைக்கு அவர் அவர்களுக்கு விருந்து வைப்பார். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பிளம் புடிங், வைன், ரம், வெறி கூடிய பியர். இராத்திரி நெடுநேரம் வரை பாட்டும் கூச்சலும். இதை வாசிக்கும்போது எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் சின்னப் போடியார், ஒரு இருபது ஏக்கர்க்காரர். சூடடித்து முடிந்து கணக்குத் தீர்க்கிற அன்று முல்லைக்காரனுக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் சோறு போடுவார், மாட்டு வண்டில் நிறைய நெல் உள்ளே போகும், வாழையிலை நிறையச் சோறு வெளியே வரும். சாப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள், ஆனால் எது எதற்குச் சமம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வுட்ஃபோர்டின் கமக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

மனிதர் சாப்பாட்டுப் பிரியர். நாட்குறிப்பில் கடவுளைவிடக் கோழிக்குத்தான் இடம் அதிகம். அன்றன்று என்ன சாப்பிட்டார், யார் வீட்டில், எத்தனை வகை என்று நாற்பது வருடத்துக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார். கலியாணம் முடிக்கவில்லை. மனதில் வைத்திருந்த பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை, நான்சி என்ற அண்ணன் மகள்தான் வந்திருந்து வீட்டைப் பார்த்தாள். வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். 1778 ஏப்ரலில் ஒருநாள், பியர்ப் பீப்பாயின் மண்டியை வெளியே வைக்க, அவருடைய இரண்டு பன்றிகள் அதைக் குடித்துவிட்டு நிற்கமுடியாமல் விழுந்து கிடந்தன. அதை ஒரு அரசியல் நிகழ்வுபோல் கவனமாகப் பதிந்திருக்கிறார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் பல்வலி தாங்காமல், ஊரில் பல் பிடுங்குகிற கிழவர் ஒருவரைக் கூப்பிட்டார். கிழவர் முரசில் ஒரு துண்டையும் சேர்த்துப் பிய்த்து, பல்லின் வேரொன்றையும் உடைத்துவிட்டார். அப்படியும் இரண்டரைச் சிலிங் கொடுத்து அனுப்பிவிட்டு, இந்த வேலைக்கு இவருக்கு வயது போய்விட்டது என்று எழுதி வைத்தார். 400 பவுண் ரெக்டருக்கே பல் வைத்தியம் அவ்வளவுதான்.

அவரைப் பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு அவரைப் பிடிக்கும். ஒவ்வொரு நத்தாருக்கும் ஊரிலுள்ள ஏழைக் கிழவர்கள் சிலரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு மாட்டிறைச்சியும் புடிங்கும் கொடுத்து, வீட்டுக்காரிக்குக் கொண்டுபோக ஆளுக்கு ஒரு சிலிங்கும் கையில் வைப்பார். மாசி 14 வாலண்டைன் நாளில் வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பென்னி. அம்மை நோய் பரவிய காலத்தில் தன் வேலைக்காரப் பொடியன்களுக்கு அம்மைப்பால் குத்துவித்தார், அது 1776, ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் இருபது வருடம் இருந்தது. அதோடு, அந்தக் காலத்துப் பாதிரியாரிடம் சமயம் மட்டும் இருக்கவில்லை. 1538இலிருந்து ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிகிற புத்தகம் அவர் கையில். 1753ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அநேகமாக எல்லோரும் ஊர்த் தேவாலயத்தில்தான் கலியாணம் முடிக்க வேண்டும். ஏழைகளுக்கு நிவாரணம் கொடுக்கிற ஊர்க் கூட்டமும் தேவாலயத்தை ஒட்டித்தான் கூடும். நம்மூர்க் கிராம சேவகர், விவாகப் பதிவுகாரர், சமுர்த்தி உத்தியோகத்தர், ஐயர் நான்கு பேரையும் ஒரு கறுப்பு அங்கிக்குள் போட்டுக் கட்டினால் அதுதான் அவர். அப்படிப்பட்டவரிடம் யாரும் வீண் வம்புக்குப் போகமாட்டார்கள்.

சட்டத்தின் ஆள் என்று சொல்கிறேன், ஆனால் அவர் தேத்தண்ணி குடித்தது கள்ளக்கடத்தல் தேயிலையில். அப்போது இங்கிலாந்தில் தேயிலைக்கு வரி தலைக்கு மேல், இலங்கையில் வணிகத் தோட்டமாகத் தேயிலை நட இன்னும் தொண்ணூறு வருடம் இருந்தது, குடித்ததெல்லாம் சீனத் தேயிலை. 1777 மார்ச் 29ஆம் திகதி இரவு பதினொரு மணிபோல, அன்ட்ரூஸ் என்ற கள்ளக்கடத்தல்காரர் வந்து யன்னலுக்குக் கீழே நின்று விசிலடித்தார். படுக்கப்போன பாதிரியார் வீட்டார் கொஞ்சம் பயந்துதான் போனார்கள். பிறகு கதவைத் திறந்து, அவருக்குக் கொஞ்சம் ஜின் ஊற்றிக் கொடுத்து, 6 இறாத்தல் தேயிலையை இறாத்தல் பத்தரைச் சிலிங் விலைக்கு வாங்கினார். மூன்று பவுண் மூன்று சிலிங். வேலைக்காரியின் அரை வருடச் சம்பளத்தைவிடக் கூட. கொஞ்சமும் வெட்கமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார், நம்மூரில் கசிப்பு வாங்குகிறவன்கூட இவ்வளவு பச்சையாக எழுதமாட்டான்.

இந்தத் திகதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள், மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு.

அதே ஈஸ்டர் ஞாயிறு, வுட்ஃபோர்ட் பிறந்த அதே சோமர்செட்டில், சவுத் பெதர்டன் என்ற ஊரில், தோமஸ் கோக் என்ற கியூரேட்டை ஆராதனை முடிந்த கையோடு சபைக்கு முன்னாலேயே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த சரித்திரம் என் கணக்கில் அங்கேதான் தொடங்குகிறது.

கோக் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. 1747இல் வேல்சில் பிரெக்கன் என்ற ஊரில் பிறந்தார், தகப்பன் வசதியான மருந்து வியாபாரி, அந்த ஊர்த் தலைவராகவும் இருந்தவர். மகனும் இளவயதிலேயே அதே பதவியில் இருந்திருக்கிறார். ஒக்ஸ்ஃபோர்டில் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் வேறு. ஆள் கட்டை, ஐந்தடிக்கு மேல் ஒரு அங்குலம். நினைத்திருந்தால் இவரும் ஒரு வெஸ்டன் லொங்வில்லைப் பிடித்துக்கொண்டு பன்றி வளர்த்திருக்கலாம். ஆனால் கிடைத்தது கியூரேட் வேலை. கியூரேட் என்றால் என்ன? ஆண்டுக்கு நாற்பது ஐம்பது பவுண் கிடைத்தால் பெரிய விசயம், பதவிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, ரெக்டரோ விகாரோ நினைத்தால் நாளைக்கே போகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் இரண்டு மூன்று ஊர்ப் பதவிகளை ஒன்றாக வைத்துக்கொண்டு, பங்கைத் தான் எடுத்துக்கொண்டு, வேலைக்கு ஒரு கியூரேட்டைப் போடுவது சர்வசாதாரணம். போடியார் கொழும்பில் இருக்க, வயலை முல்லைக்காரன் பார்ப்பதுபோல.

கோக் செய்த குற்றம், வேலையை அளவுக்கு மிஞ்சிச் செய்தது. ஏட்டைப் பார்த்து வாசிக்காமல் கண்ணைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். பின்னேரங்களில் குடிசைகளில் கூட்டம் வைத்தார். 1776 ஆகஸ்ட்டில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைப் போய்ச் சந்தித்துவிட்டு வந்தார். வெஸ்லி என்றால் அப்போது பெரிய மனிதர்களுக்கு வேப்பெண்ணெய். வெஸ்லியும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர்தான், சாகும்வரை அதை விட்டு விலகியதாக அவர் சொல்லவில்லை, ஆனால் வயல்வெளியிலும் சுரங்க வாசலிலும் நின்று கூலிக்காரருக்குப் பிரசங்கிக்கிற ஒருவரை எந்தத் துரைக்குப் பிடிக்கும்? கோக்குக்கு எதிராகப் பெட்டிசம் போனது. பெட்டிசம் எழுதுவதில் நம்மூர்தான் முதலிடம் என்று நினைத்திருந்தேன், இல்லை. கடைசியில் அந்த ஈஸ்டர் ஞாயிறு ஆளை நிறுத்தி, தேவாலய மணிகளை முழங்க அடித்துக் கொண்டாடினார்கள். சோமர்செட் அப்பிள் தேசம், அப்பிள் கள்ளுப் பீப்பாய்களை வீதியில் திறந்துவிட்டார்கள். ஒரு பாதிரியார் ஊரைவிட்டுப் போவதற்கு ஊரே குடித்துக் கூத்தாடியது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு ஞாயிறு தேவாலயத்துக்கு வெளியே வீதியில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறார், எறிவதற்குக் கல்லும் சேர்த்து வைத்திருந்தார்களாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெஸ்லியோடு சேர்ந்தார். 1784இல் வெஸ்லி அவரை அமெரிக்காவுக்குப் பொறுப்பாக அனுப்பினார். வாழ்நாளில் பதினெட்டுத் தடவை அத்திலாந்திக் கடலைக் கடந்திருக்கிறார், அதுவும் பாய்க்கப்பலில். 1785இல் அடிமை முறைக்கு எதிரான மனுவோடு ஜோர்ஜ் வொசிங்டனின் வீட்டுக்கே போனார். கலியாணம் முடித்தது ஐம்பது வயது தாண்டி, அந்த மனைவி 1811இல் இறக்க, அடுத்து முடித்தவரும் 1812இல் இறந்துவிட்டார். அறுபத்தைந்து வயதில், வேறொருவர் என்றால் மூலையில் குந்தியிருக்கிற வயதில், இலங்கைக்குப் போகவேண்டும் என்று நின்றார். மெதடிஸ்த மாநாட்டில் காசில்லை என்று தயங்கியபோது தன் சொந்தச் சொத்திலிருந்து 6,000 பவுண் தருவதாகச் சொன்னார். உடுதுணிகூட இல்லாமல் இலங்கைக் கரையில் இறக்கிவிட்டாலும் சரி, போகாமல் இருக்கமாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதியது பிரசித்தம்.

1813 டிசம்பர் கடைசியில் இரண்டு கப்பல்களில் புறப்பட்டார்கள், கோக்கோடு ஆறு இளம் போதகர்கள், அவர்களில் ஒருவர் வில்லியம் ஓல்ட். ஓல்ட்டின் மனைவி வழியிலேயே கடலில் இறந்தார். 1814 மே 3ஆம் திகதி காலையில் கோக்கை எழுப்பப் போனவர்கள், அவர் தன் அறையின் தரையில் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். அன்று மாலையே இந்து சமுத்திரத்தில் இறக்கினார்கள். சேமக்காலை இல்லை, நடுகல் இல்லை. செலவுக்கான ஏற்பாடெல்லாம் அவர் பெயரிலேயே இருந்ததால் மற்றவர்கள் பம்பாயில் கையில் காசில்லாமல் இறங்கி நின்றார்கள், அங்கிருந்த வர்த்தகர் ஒருவர் கடன் கொடுத்து உதவியிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜூன் கடைசியில் காலியில் கரையேறி, யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டதில் ஓல்ட்டுக்கு மட்டக்களப்பு. தனியாக வந்தார், புதிதாய் மனைவியை இழந்தவர். புளியந்தீவில் அவர் இறங்கிய துறைக்குப் பக்கத்தில்தான் இன்று நம் பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். அந்த ஆண்டே பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார், அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இறந்துபோனார். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் எந்தச் சுகபோகத்தை யார் துறந்தது? ஓல்ட் ஒரு ஊர்த் தேவாலயத்துப் பாதிரியாராக இருந்தவரே அல்ல. மெதடிஸ்த போதகர். அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கும் இல்லை, கோயில் காணியும் இல்லை, ஆயுட்காலப் பதவியும் இல்லை. ஒரு வட்டாரம் முழுவதும் குதிரையிலும் காலாலும் திரிந்து பிரசங்கித்து, கிடைக்கிற சின்னப் படியில் வாழ்ந்துவிட்டு, ஒன்றிரண்டு வருடத்தில் வேறு வட்டாரத்துக்கு மாறிப்போக வேண்டும். பத்துக் கமக்காரர் மேசையில் காசை எண்ணிவைக்க, மாட்டிறைச்சியும் ரம்மும் பரிமாறுகிற வாழ்க்கையை அவர் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார். கோக்கிடம் சொத்து இருந்தது உண்மை, அதைத் துறந்தார் என்பதும் உண்மை, ஆனால் ஊர்ப் பாதிரியார் வாழ்க்கையை அவர் துறக்கவில்லை ஐயா, அது அவரை மணியடித்துத் துரத்தியது. அந்தச் சுகத்தை உண்மையிலேயே அனுபவித்த வுட்ஃபோர்ட்கள் வரவில்லை. அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

சிலர் கேட்பார்கள், இருநூறு வருடத்துக்கு முந்திய சங்கதியில் ஒரு வசனம் பிழைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று. எனக்கு இருக்கிற ஆதங்கம், சுகபோகத்தைத் துறந்த துரை என்று எழுதும்போது நாம் அவரை மேலே இருந்து இறங்கி வந்தவராக ஆக்கிவிடுகிறோம். சொந்த நாட்டில் பெரிய மனிதர்கள் கதவை அடைத்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர், காசில்லாமல், மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர் என்று எழுதினால், இங்கே பள்ளிக்கூடத்தில் வந்து குந்திய கூலிக்காரப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவிலே அவ்வளவு தூரம் இருக்காது. சனம் மாறும் என்பதற்கும் அந்தச் சவுத் பெதர்டனே சாட்சி. பல வருடம் கழித்து கோக் அங்கே திரும்பிப் போனபோது, துரத்தின அதே மணிகளை அடித்து வரவேற்றார்கள் என்பது அந்த ஊரில் வழங்கிவருகிற கதை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை அந்த வசனம் உங்கள் மேசைக்கு வந்தால் தயவுசெய்து ஒரு கோடு போட்டு வெட்டிவிடுங்கள். என் பேத்தியின் ஒப்படையில் நான் வெட்டிவிட்டேன். அவள் அதற்குப் பதிலாக, மணியடித்துத் துரத்தப்பட்ட ஒருவர் கூட்டிக்கொண்டு வந்த ஆள் என்று எழுதியிருக்கிறாள், அவளுடைய ரீச்சர் அதற்கு என்ன புள்ளி போடுவார் என்று பார்க்கவேண்டும். வெறித்த பன்றிகள் இரண்டையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அது ஓல்ட் அடிகளாரின் கதையில் வராது பிள்ளை என்றேன். அப்ப அந்தப் பன்றிகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்றாள். அடுத்த நாள் பின்னேரம் தெளிந்து எழும்பிவிட்டன, அதையும் அந்த மனிதர் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.